இருநூறு சில்லூறு

துணுக்காய் றோட்டில
வெட்டு மெசினுக்கு முன்னால நிண்டதாம் பச்சோந்தி.
ஓடத் தெரியாதது. ஓரடி வைக்கவே
ஒன்பது தரம் யோசிக்கிறது.
பின்னங்கால் ஒண்டு நைஞ்சு போச்சு.
அமலரூபன் ஹெல்மெட்டுக்குள்ள வைச்சுக் கொண்டு வந்தான்.
கொண்டு வந்தவனுக்கு அதோட வேலை முடிஞ்சுது.

செத்ததைத் தின்னாது.
வரம்பில துள்ளினதைப் பிடிச்சுக் குடுக்கவும் பயம்,
வயல் முழுக்க மருந்து குடிச்ச பூச்சி.
பெருகிறதெண்டால் வீட்டுக்குள்ள தான் பெருக வேணும்.

மல்லாவிச் சந்திக் கடையில முட்டை மட்டை கேட்டன்.
"கோழி வளக்கிறியளோ தங்கச்சி?"
"இல்லை, சில்லூறு."
சில்லறை எண்ணின கை அப்பிடியே நிண்டுது.

தவிடு. முருங்கையிலை. பூசணித் தோல்.
தண்ணியை வைச்சால் விழுந்து சாகுதுகள்,
பஞ்சை நனைச்சு வைக்க வேணும்.
எறும்பு ஏறாமல் ஸ்ரூலின்ர நாலு காலுக்கும்
நாலு சிரட்டை தண்ணி.
ஈரமண் நிரப்பின மாஜரின் டப்பா பிள்ளைப்பேற்று வாட்டு.
பதினொராம் நாள் மூடியைத் திறந்தன்,
மண் அசையுது.
எள்ளில பாதி. அதுக்கும் மீசை.
சூட்டுக்கு விசேஷமாய் லைற் வேணுமாம்.
சித்திரையில எங்கட தகரக் கூரைக்குக் கீழ
அரை மணித்தியாலம் இருந்து பாத்திட்டுச் சொல்லட்டும்.

அளம்பிலில இருந்து மச்சாள் கணவாய் ஓடு அனுப்பினவ.
அரைச்சுப் பையில போட்டு,
பூச்சியையும் போட்டுக் குலுக்கினால்
சாமத்தியச் சடங்குக்குப் பவுடர் அப்பின பெட்டையள் மாதிரி
நடக்கக் கூச்சப்படுகுதுகள்.

ஆறு மாதத்தில அந்த நாக்கு வந்து போறதை
நான் ஒருக்காலும் காணேல்லை.
கிளையில ஒரு சில்லூறு இருந்தது.
இல்லை.

இரவானால் ஆணெல்லாம் செட்டை தேய்க்கத் தொடங்கும்.
அமலரூபன் தலையணைக்குக் கீழ தலையை வைப்பான்.
"ஒரு ஓணானுக்கு ஒரு ஊரையே வளக்கிறாய்."
கணக்கு அவன் சொன்னது தான்:
நாளுக்கு ஆறு, தொட்டியில இருநூறு.
எனக்குச் சத்தத்தோட கோவமில்லை.
முத்தத்தில ஆரும் நடந்தால்
இருநூறும் ஒரேயடியாய் வாயை மூடும்.
அப்பத்தான் நான் முழிக்கிறது.
பூனை எண்டு தெரியும்.
தெரிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம்
மூச்சை மெல்ல மெல்லத் தான் விடுவன்.

ஒரு நாள் கடையில சோதினைப் பேப்பர்,
எண்ணூறு கொப்பி, ரோனர் வேற முடிஞ்சு,
பத்து மணிக்கு வந்து விழுந்தன்.
கூட்டில மிஞ்சினதுகளை எடுக்கேல்லை.
விடிய, நல்ல காலின்ர விரல் நுனியில சிவப்பு.
நித்திரையில கிடந்ததைச்
சாப்பாடு சாப்பிட்டிருக்கு.

செருப்பைத் தூக்கினன்.
மூலையில ஒண்டு மீசையை ஆட்டிக் கொண்டு நிண்டுது.
பசி.
முதல் நாள் பூசணித் தோல் போட மறந்தது
ஆர்?
செருப்பைக் காலில போட்டுக் கொண்டன்.
அண்டையில இருந்து பொழுதுபட எண்ணுறன்,
எத்தினை போச்சு, எத்தினை வந்தது.

ஐப்பசி முதல் மழைக்கு
வவுனிக்குளத்து அணைக்கட்டுக்குக் கீழ
ஒரு வீரை மரத்தில விட்டம்.
நொண்டி நொண்டி ஏறிச்சுது.
ஒரு கண் என்னைப் பாத்த மாதிரி.
மற்றது எங்கயோ.
பத்தடி போக முதல் எது இலை, எது அது எண்டு தெரியேல்லை.
அமலரூபன் மட்டும் தெரியுதெண்டு விரல் காட்டினான்,
அது இலை.

வீட்ட வந்தால் தொட்டி கத்துது.
"மெற்றில்டாக்கான்ர கோழிக்குக் கொட்டன்" எண்டான்.
கொட்டலாம்.
சாகத்தானே வளத்தது, அதில பொய்யில்லை.
தொட்டியைத் தூக்கி வேலி வரைக்கும் போனன்.
கோழியள் கழுத்தை நீட்டிக் கொண்டு வந்திட்டுதுகள்.

டப்பாவில முட்டை கிடக்கு.
இண்டைக்கு ஒன்பதாம் நாள்.